தொண்டைக்கு ஒரு மாத்திரை, மனசுக்கு ஒரு மந்திரிப்பு

திருப்பூர் லைன் வீடுகளில் சண்டை பெரும்பாலும் தண்ணீரில்தான் தொடங்கும். ஏழெட்டு வீட்டுக்கு ஒரு குழாய், ஒரு சம்ப், பொதுவில் குளியலறை. மாநகராட்சித் தண்ணீர் தினமும் வருவதில்லை. வருகிற அன்று பிடித்து வைத்தால்தான் அடுத்த முறை வரை ஓட்ட முடியும். அப்படிப்பட்ட காம்பவுண்டில் ஒருவர் கை கழுவியே குடம் குடமாகக் காலி செய்தால் என்ன நடக்கும்? முதலில் முணுமுணுப்பு. அப்புறம் "சுத்தப் பைத்தியம்" என்று பட்டப்பெயர். கடைசியில் வீட்டுக்காரர் வந்து வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்வார். இத்தனை பேச்சிலும் நோய் என்ற சொல் ஒரு தடவைகூட வராது.

ஓசிடி என்று மருத்துவர்களும், எண்ணச் சுழற்சி நோய் என்று தமிழ்ப் பத்திரிகைகளும் சொல்லும் கோளாறு இது. கை அழுக்கு என்ற எண்ணம் விடாமல் குடையும். கழுவினால் சில நிமிடம் நிம்மதி. மறுபடி அதே குடைச்சல். சிலருக்குக் கழுவுதல், சிலருக்குப் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டே இருத்தல், சிலருக்கு எண்ணுதல். அர்த்தமில்லாத வேலை என்று பெரும்பாலும் அவர்களுக்கே தெரியும். தெரிந்தும் நிறுத்த முடியாததுதான் வேதனை. பெங்களூரு நிமான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், மனநோய் உள்ளவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சை வளையத்துக்கு வெளியே இருந்தார்கள்.

ஓசிடி நோயாளிகளில் ஒரு சிறு பகுதியினருக்குக் கதை காய்ச்சலில் தொடங்குகிறது. அந்தச் சிறு பகுதியைப் பற்றித்தான் நம் ஊரில் யாரும் பேசுவதில்லை.

குழந்தைகளுக்குத் தொண்டை வலியைக் கொண்டுவரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்க்க உடல் தயாரிக்கும் எதிர்ப்புப் பொருள்கள், சில வேளை ஆள்மாறாட்டத்தில் சொந்த உறுப்புகளையே தாக்கிவிடுகின்றன. இதயத்தைத் தாக்கினால் வாத இதய நோய். மூளையின் அடிப்பகுதியில் அசைவுகளையும் பழக்கங்களையும் ஒழுங்குபடுத்தும் நரம்பு முடிச்சுகளைத் தாக்கினால், கைகால்கள் தம் போக்கில் ஆடும் கொரியா. லண்டன் மருத்துவர் தாமஸ் சிடன்ஹாம் 1686இல் விவரித்த இந்த நோய் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. கொரியா கண்ட குழந்தைகளிடம் வினோதமான, திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கங்கள் இருப்பதை வில்லியம் ஆஸ்லர் 1894இலேயே எழுதிவைத்தார். அமெரிக்காவில் சூசன் ஸ்வீடோ குழு, தொண்டைத் தொற்றையொட்டித் திடீரென ஓசிடி அல்லது தசை வெட்டிழுப்பு தலைகாட்டிய 50 குழந்தைகளை 1998இல் பதிவு செய்து, அதற்குப் பாண்டாஸ் என்று பெயரிட்டது.

டென்மார்க்கில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த ஆய்வு விஷயத்தை இன்னும் சுவாரசியமாக்கியது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று உறுதியானவர்களுக்குப் பின்னாளில் ஓசிடி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 50 சதவீதம் கூடுதல். ஆனால் அந்தக் கிருமி இல்லாத தொண்டைத் தொற்று வந்தவர்களுக்கும் வாய்ப்பு ஓரளவு கூடியிருந்தது. ஆக, குற்றவாளி ஒரே கிருமி என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. பாண்டாஸ் பற்றி மருத்துவர்களுக்குள் இன்னும் வாதம் ஓயவில்லை. பெற்றோர் பதறவும் வேண்டியதில்லை: தொண்டை வலி வந்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு ஓசிடி வருவதே இல்லை.

திருப்பூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இட நெருக்கடி. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கூட்டமான அறைகளில் எளிதாகப் பரவும். அந்தத் தொற்றை அடுத்து வரும் வாத காய்ச்சல் நெரிசலான குடியிருப்புகளின் நோய் என்பது மருத்துவத்தில் பழைய பாடம். ஒரே அறையில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் படுக்கும் லைன் வீடும், வடமாநிலத் தொழிலாளர்களை அடைத்து வைக்கும் பனியன் கம்பெனி விடுதியும் அந்தப் பாடத்துக்கு நன்றாகவே பொருந்துகின்றன. பிள்ளைக்குத் தொண்டை கட்டினால் ஒரு ஷிப்ட் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் காத்திருக்க யாருக்கு முடியும்? மெடிக்கல் ஷாப்பில் மூன்று ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கினால் காய்ச்சல் விட்டுவிடுகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்குப் பென்சிலின் வகை மாத்திரையை வழக்கமாகப் பத்து நாள் சாப்பிட வேண்டும் என்று கவுண்டரில் யாரும் சொல்வதில்லை. சில வாரம் கழித்துப் பிள்ளை திடீரென்று சட்டையைத் தொடப் பயந்து அழுதால், அதை அந்தக் காய்ச்சலோடு யாரும் முடிச்சுப் போடுவதுமில்லை. தொண்டைக்கு மெடிக்கல் ஷாப்புக்காவது போன குடும்பம், இதற்குத் திருநீறு மந்திரிக்கப் போகிறது. கோயிலுக்குப் போவதில் தவறில்லை. அங்கே போய்விட்டதால் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் விடுவதில்தான் மாதங்கள் கரைகின்றன.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு, படித்தவர்கள் செய்வது. "எல்லாம் கிருமிதான்" என்று இணையத்தில் படித்துவிட்டு மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுப்பது. தொற்று இருப்பது பரிசோதனையில் தெரிந்தால் அதற்குரிய மருந்து, வாத காய்ச்சல் வந்தவர்களுக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி. இவற்றுக்கு நியாயம் உண்டு. ஓசிடிக்கு மருந்தாக ஆன்டிபயாடிக்கை விழுங்குவதற்கு இல்லை. தொற்று முழுதாகப் போகட்டும், பிறகு மனசைப் பார்க்கலாம் என்று காத்திருப்பதும் வீண். இரண்டுக்கும் சேர்ந்தே சிகிச்சை நடக்கலாம்.

காசநோய் இன்னொரு வழியில் இதே இடத்துக்கு வந்து சேர்கிறது. அது மூளையைத் தாக்கித்தான் ஓசிடி வர வேண்டும் என்றில்லை. ஏற்கெனவே அந்தப் போக்கு உள்ளவருக்குப் பயம் ஒன்றே போதும். தட்டு தனி, தம்ளர் தனி, குழந்தையைத் தூக்கக் கூடாது என்று ஆறு மாதம் வாழ்ந்தவர், மருந்து முடிந்த பிறகும் கழுவிக்கொண்டே இருப்பார். இந்தப் பயத்துக்குப் பதில் தமிழ்நாட்டிலேயே கிடைத்தது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், வீட்டில் இருந்தபடி மருந்து சாப்பிட்டவர்களையும் சானடோரியத்தில் சேர்க்கப்பட்டவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. வீட்டிலிருந்தவர்களும் நன்றாகவே குணமானார்கள். அவர்களோடு வாழ்ந்த குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. 1959இல் வெளியான அந்த முடிவு உலகம் முழுவதும் காசநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றியது. நம் வீட்டுத் தட்டு தம்ளரை மட்டும் அது இன்னும் எட்டவில்லை.

இங்கே மருந்துச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. மருந்துக்கு அடங்காத காசநோய்க்குக் கொடுக்கும் லினசோலிட், ஓசிடிக்குக் கொடுக்கும் ஃப்ளுவோக்ஸெடின், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளோடு சேர்ந்தால் ஆபத்தான விளைவு வரலாம். இரண்டு டாக்டர்களைப் பார்ப்பவர் இரண்டு சீட்டையும் இருவரிடமும் காட்டியே தீர வேண்டும்.

சரி, சிகிச்சை என்பது என்ன? 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர், கழுவிக்கொண்டே இருந்த ஒரு நோயாளிக்கு வார்டில் தண்ணீர் கிடைப்பதையே கட்டுப்படுத்திப் பார்த்தார். கழுவாவிட்டாலும் பதற்றம் உச்சிக்குப் போய்த் தானாக இறங்குகிறது என்று தெரிந்தது. இன்றைய சிகிச்சை அதன் பண்பட்ட வடிவம். நோயாளியின் சம்மதத்தோடு, பயம் குறைந்த பொருளில் தொடங்கிப் படிப்படியாகப் போவார்கள்: குழாய்த் திருகைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் உட்கார்ந்திருப்பது, அடுத்த வாரம் கதவுத் தாழ்ப்பாள். லைன் வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் குழாயை மூடுவது இந்தக் கணக்கில் வராது. அது அவமானம் மட்டுமே. மாத்திரையும் உதவும். ஆனால் மனச்சோர்வுக்குத் தருவதைவிட அதிக அளவில், 12 வாரம் வரை பொறுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்தில் பலனில்லை என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம்.

குடும்பத்தார் செய்யக்கூடிய உருப்படியான காரியம், தினசரிக் காலண்டரிலேயே காய்ச்சல் வந்த நாளையும் கழுவுதல் கூடிய நாளையும் குறித்து வைப்பது. தொற்றோடு சேர்ந்து ஏறி இறங்குகிறதா என்பதை டாக்டர் அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். செய்யக் கூடாதது, "கை சுத்தமாத்தான் இருக்கு கண்ணு" என்று நாளெல்லாம் உறுதி சொல்லிக்கொண்டிருப்பது. பாசத்தில் சொல்வதுதான், ஆனால் அதுவும் சுழற்சிக்கே தீனி.

வேலைக்கு வருவோம். செக்கிங் மேஜையில் ஒரு டி-ஷர்ட்டை விரித்து, காலர், தோள் தையல், பக்கத் தையல், கீழ் மடிப்பு, கறை, ஓட்டை எல்லாம் பார்த்து ஓகே குவியலில் போட அனுபவமுள்ள பெண்ணுக்குச் சில நொடி போதும். ஓசிடி உள்ளவர் போட்டதையே மறுபடி எடுத்துப் பார்ப்பார். பீஸ் தேங்கும், சூப்பர்வைசர் கத்துவார், ஆளைக் கைமடி (உதவியாள்) வேலைக்கு இறக்குவார்கள், கூலியும் இறங்கும். பீஸ் ரேட்டில் இருப்பவர் என்றால் யாரும் இறக்கவே வேண்டாம், சனிக்கிழமைச் சம்பளமே சொல்லிவிடும்.

தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான ஈஎஸ்ஐ இதற்கு என்ன செய்கிறது? சாதாரண நோய் விடுப்புக்கு ஆண்டுக்கு 91 நாள், 70 சதவீதக் கூலி. நீண்டகால நோய் என்றால் 80 சதவீதக் கூலியோடு இரண்டு ஆண்டு வரை நீளும். அதற்கு 34 நோய்கள் கொண்ட பட்டியல் உண்டு. காசநோய் அதில் இருக்கிறது, மனச்சிதைவு இருக்கிறது. ஓசிடியின் பெயர் இல்லை. சேர்ப்பதற்கு நியாயம் தெளிவாகவே இருக்கிறது. திருப்பூர்த் தொழிற்சங்கங்கள் கூலி உயர்வுப் பேச்சின் நடுவே இதையும் ஒரு கோரிக்கையாக வைக்கலாம். மேலே சொன்ன பயிற்சிச் சிகிச்சைக்கு வாரம் ஒரு மணி நேரம் கூலி பிடிக்காமல் அனுப்புவது கம்பெனிகளுக்குப் பெரிய செலவும் இல்லை. வெளிநாட்டுப் பையரின் தணிக்கைக்காக முதலுதவிப் பெட்டியைத் துடைத்து வைக்கும் கம்பெனிகள் இவை.

2022 அக்டோபர் முதல் நடக்கும் டெலி-மானஸ் மனநலத் தொலைபேசிச் சேவையின் 14416 எண்ணுக்குக் கட்டணமில்லை, பகல் இரவு எந்நேரமும் அழைக்கலாம். தமிழ் தவிர இந்தி, ஒடியா, வங்காளம் என்று பல மொழிகளில் பேச ஆள் உண்டு. பிஎஃப், ஈஎஸ்ஐ விவரம் ஒட்டும் அதே போர்டில் இந்த எண்ணையும் ஒட்டலாம். விடுதிகளில் ஒட்டும்போது ஒடியாவிலும் இந்தியிலும் எழுதி ஒட்ட வேண்டும்.