பிசையாத ரொட்டியும் நம் வீட்டுப் புளித்த மாவும்



ஆறாம் ஆண்டு அறிவியலில் நுண்ணுயிர்கள் பற்றிய பாடத்தில், "ஈஸ்ட் எதற்குப் பயன்படுகிறது?" என்று கேட்டால், "ரொட்டி செய்ய!" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்கிறது. விடை சரிதான். ஆனால், ரொட்டி மாவு பொங்குவதைக் கண்ணால் கண்டவர் யார் என்று கேட்டால் இரண்டு மூன்று கைகள்தாம் உயர்கின்றன. 2021-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டது. அதனால் கிடைத்த நேரத்தையும் பயிற்சி நூல்களாலேயே நிரப்பிவிட்டோம் என்பது என் கருத்து. அதில் ஓர் இரவையும் ஒரு காலையையும் பிரெஞ்சு ரொட்டிக்குக் கொடுங்கள் என்று கேட்கிறேன்.

என்ன, வியப்பாக இருக்கிறதா? பிசைய வேண்டியதே இல்லை! நியூயார்க் ரொட்டிக் கலைஞர் சிம் லேகியின் முறை 2006 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் வெளிவந்து உலகெங்கும் பரவியது. ரொட்டி மாவு 400 கிராம், தண்ணீர் 300 கிராம், உப்பு 8 கிராம், ஈஸ்ட் 1 கிராம். கரண்டியால் கலக்கி மூடி வைத்தால் போதும். குளிர்நாட்டில் 12 முதல் 18 மணி நேரம் ஆகும். ஈப்போவின் வெப்பத்தில் 8 முதல் 10 மணி நேரத்திலேயே குமிழ்கள் எழுந்துவிடும். பிறகு மாவு தூவி மடித்து உருட்டி, மேலும் ஒரு மணி நேரம் விடுங்கள். மூடியுள்ள கனத்த இரும்புச் சட்டியை அடுப்புப் பெட்டியில் 230 பாகை செல்சியசில் அரைமணி சூடேற்றி, மாவை அதனுள் இட்டு மூடி 30 நிமிடமும், திறந்து 15 முதல் 20 நிமிடமும் சுட வேண்டும். மாவிலிருந்து எழும் ஆவி மூடிக்குள் அடைபடுவதால்தான் மேல்தோல் உடனே இறுகாமல் ரொட்டி உப்புகிறது. சட்டியைப் பெரியவர்களே கையாளுங்கள். மாவில் நீர் முக்கால் பங்கு, உப்பு 2 விழுக்காடு. பின்னமும் விழுக்காடும் அங்கேயே கிடைக்கின்றன.

பிசையாமல் எப்படி? கோதுமையின் புரதம் மிகுந்த ஈரத்தில் நீண்ட நேரம் கிடந்தால் தானாகவே வலைபோல் பின்னிக்கொள்கிறது. கையின் வேலையைக் காலம் செய்கிறது.

இதைச் சொன்னால் சில தாய்மார்கள், "டீச்சர், நாங்க தோட்டத்துல வளர்ந்தவங்க, எங்களுக்கு என்ன தெரியும்?" என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லாதது இந்தப் பேச்சுதான். மழைநாளில் இட்லி மாவு தாமதமாகப் பொங்கும் என்று அறிந்தவர்கள், கள் விட்டு ஆப்பமாவைப் புளிக்க வைத்த பாட்டிகளின் பேத்திகள், நொதித்தலை அறியாதவர்களா? சுங்கை சிப்புட் பக்கம் பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது; அடுக்களை அறிவும் அப்படிப் போய்விட வேண்டுமா? பிள்ளைக்கு முன்னால் தாய் தன்னைத் தாழ்த்திச் சொன்னால், பிள்ளையும் அப்படியே நம்பிவிடும்.

ரொட்டி நமக்கு அந்நியமும் அன்று. பினாங்கின் 'ரொட்டி பெங்காலி' தமிழ் முசுலிம்களின் அடுமனையில் வளர்ந்தது. 'பங்காளி' என்ற நம் சொல்லே அவ்வாறு திரிந்தது என்றொரு விளக்கமும் உண்டு. பிரான்சின் பகெட் ரொட்டிக் கலையை 2022-இல் யுனெஸ்கோ மரபுச் செல்வமாக ஏற்றது. நம் இட்லிப் பானைக்கு அந்தச் சிறப்பு எப்போது வருமோ!

இந்தப் பள்ளி விடுமுறையில் இரண்டு கண்ணாடிப் புட்டிகளை எடுங்கள். ஒன்றில் இட்லி மாவு, மற்றொன்றில் ரொட்டி மாவு. இரண்டும் பாதிக்கும் குறைவாக. மாவின் மட்டத்தில் ரப்பர் வளையம் மாட்டி, மணிக்கொருமுறை உயரத்தைப் பிள்ளைகளே அளந்து எழுதட்டும். உளுந்தில் கோதுமையின் வலை இல்லை. அதன் வழவழப்பே காற்றைப் பிடித்து வைக்கிறது. எது முதலில் அமுங்குகிறது என்பதை அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.