மோட்டாரை விடுங்கள், கியரைக் கேளுங்கள்

மின்சார சைக்கிள் வாங்க வருகிறவர் முதலில் கேட்பது, "மோட்டார் எவ்வளவு பவர்?" அடுத்தது, "ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் போகும்?" கியரைப் பற்றி அநேகமாக யாரும் கேட்பதில்லை. திண்டுக்கல்லில் ஸ்கூட்டர் மெக்கானிக்காக இருந்துவிட்டு, இப்போது ஆக்லாந்தில் மவுண்ட் ராஸ்கில் பக்கம் ஒரு சைக்கிள் பட்டறையில் வேலை பார்க்கிறேன். ரிப்பேருக்கு வரும் வண்டிகளைப் பார்க்கப் பார்க்க, முதலில் கேட்க வேண்டியதைக் கடைசியில்கூட யாரும் கேட்பதில்லை என்ற ஆதங்கம் கூடிக்கொண்டே போகிறது.

இந்த ஊரின் அமைப்பு அப்படி. ஐம்பதுக்கும் மேற்பட்ட எரிமலைகள் வெடித்த நிலத்தில் உட்கார்ந்திருக்கிறது ஆக்லாந்து. மவுண்ட் ஈடன் 196 மீட்டர் உயரம். மாவோரி மக்கள் மவுங்காஃபாவ் என்பார்கள். அதன் உச்சிச் சாலையில் 2016 முதல் பொதுவாகக் கார்களை விடுவதில்லை. நடந்து போகலாம், சைக்கிளில் போகலாம். நகருக்குள் பார்னெல் ரைஸ் போன்ற ஏற்றங்கள் மூச்சு வாங்க வைக்கும். தெற்கே மனுக்காவ் பக்கம் டோட்டாரா பார்க்கின் மலைச்சைக்கிள் பாதைகளில், மழைக்காலக் களிமண் செயினில் அப்பிக்கொண்டு அரம்போல ராவும். நிமிடத்துக்கு ஒருமுறை மேடும் இறக்கமும் மாறி மாறி வரும். கியரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டிய ஊர் இது.

மாற்றுகிறார்களா என்பதைப் பின்சக்கரத்தின் கேசட்டே சொல்லிவிடும். கழற்றி, மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து மேசையில் வைத்துப் பாருங்கள். சின்னப் பல்சக்கரங்கள் இரண்டு மூன்றில் பற்கள் சுறா மீனின் துடுப்பைப்போல ஒரு பக்கமாகச் சாய்ந்து கூர்மையாகியிருக்கும். பெரிய சக்கரங்களில் புதுப் பளபளப்பு அப்படியே இருக்கும். அதாவது, ஓட்டியவர் இறக்கத்துக்கான கனமான கியரிலேயே மேடும் ஏறியிருக்கிறார். மீதியை மோட்டார் தலையில் கட்டியிருக்கிறார். மிதி மெதுவாகச் சுற்றும்போது மோட்டாரும் திணறும், கரண்டை அதிகம் இழுக்கும், சூடாகும், பேட்டரி சீக்கிரம் இறங்கும்.

சாண்ட்ரிங்ஹாமிலிருந்து வேலைக்கு மின்சார சைக்கிளில் போய்வரும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். "தம்பி, ஏத்தத்தில இது இழுக்குதில்ல. இதைவிடப் பெரிய மோட்டார் மாத்தலாமோ?" என்றார். எந்தக் கியரில் ஏறுகிறீர்கள் அக்கா என்றேன். "அதைத் தொடுறதே இல்லை. ஒருக்கா மாத்தேக்க டக்கெண்டு சத்தம் வந்தது, செயின் அறுந்துபோச்செண்டு பயந்திட்டன்."

அவர் பயந்ததில் தப்பே இல்லை. மேட்டில் மோட்டார் முழு பலத்தோடு இழுக்கும்போது செயினை ஒரு பல்லிலிருந்து இன்னொரு பல்லுக்குத் தள்ளினால் அப்படித்தான் அடிக்கும். கியர் மாற்றும் நொடியில் மிதியின் அழுத்தத்தைத் தளர்த்த வேண்டும். பழகியவருக்கு இது இயல்பாக வரும். ஐம்பது வயதில் முதன்முறையாக ஏறி உட்காருகிறவரிடம் அதை எப்படி எதிர்பார்ப்பது? அவர் வண்டிக்குக் கேசட்டும் செயினும் மாற்றிக் கொடுத்தேன். மோட்டாரில் ஒரு குறையும் இருக்கவில்லை.

ஆனால் கம்பெனிகள் ஓடுவது மோட்டார் பந்தயத்தில்தான். மலைச்சைக்கிள் மோட்டார்களில் 85 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையே பெரிதாகப் பேசப்பட்டு வந்தது. 2024-இல் டிரோன் தயாரிக்கும் டிஜேஐ கம்பெனி 105 என்று ஒரு மோட்டாரைக் கொண்டுவந்தது. அவசரத்துக்கு 120 வரை போகும், உச்ச பவர் 1000 வாட். நியூசிலாந்தில் 2013-இல் வந்த அரசிதழ் அறிவிப்போ 300 வாட் மோட்டார் வரைதான் சைக்கிள் என்று ஏற்றுக்கொள்கிறது. விளம்பரம் ஒரு பக்கம் போக, சட்டம் இன்னொரு பக்கம் நிற்கிறது. இவ்வளவு பலத்தையும் ஒரு மெல்லிய செயின்தானே தாங்க வேண்டும்?

கியர் மாற்றும் இந்தத் தொல்லைக்கு விடை நம் ஊர்த் தெருக்களில் எப்போதோ ஓட ஆரம்பித்துவிட்டது. 1980-களில் கைனடிக் ஹோண்டா வந்தது, பிறகு ஸ்கூட்டி, ஆக்டிவா. கியர் போடத் தெரியாது என்று வண்டியைத் தொடாதிருந்த எத்தனை பெண்கள் அதில் ஏறி வேலைக்குப் போனார்கள்! உள்ளே இருப்பது ஒரு பெல்ட்டும், விரிந்து சுருங்கும் இரண்டு புல்லிகளும்தான். வேகம் கூடக் கூட வேரியேட்டரில் உள்ள ரோலர்கள் வெளியே தள்ளப்பட்டு, புல்லி நெருங்கி, பெல்ட் மேலே ஏறும். முதல் கியர், இரண்டாம் கியர் என்ற படிகளே கிடையாது. சரிவுப் பாதைபோல விகிதம் வழுக்கிக்கொண்டே மாறும். ஹாலந்தின் டாஃப் கம்பெனி 1958-லேயே காரில் இதைச் செய்து காட்டியது.

சைக்கிளில் இதைச் செய்வது என்வியோலோ ஹப். முன்பு நுவின்சி என்ற பெயரில் வந்தது. பின்சக்கர ஹப்புக்குள் பல்சக்கரமே இல்லை. இரண்டு வளையங்களுக்கு நடுவே எஃகு உருண்டைகள், சுற்றிலும் தனிவகை எண்ணெய். உருண்டைகள் சாயும் கோணத்தைப் பொறுத்து விகிதம் மாறுகிறது. ஆட்டோமேட்டிக் வகையில், நிமிடத்துக்கு எத்தனை முறை மிதிக்க விருப்பம் என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும். மேடு வந்தால் ஒரு குட்டி மோட்டார் உருண்டைகளைத் தானே சாய்த்துக்கொள்ளும். முழு பலத்தோடு மிதிக்கும்போதும் சத்தமின்றி மாறும். செயினுக்குப் பதில் பெல்ட் போட்டுக்கொள்ளலாம் என்பதால் களிமண்ணுக்கும் பயமில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஹப் இரண்டரைக் கிலோ அளவுக்குக் கனம். அவ்வளவு பாரம் பின்சக்கரத்தில் இருந்தால் கல்லும் வேரும் நிறைந்த காட்டுப்பாதையில் சஸ்பென்ஷன் சரியாக வேலை செய்யாது. உராய்வில் கொஞ்சம் சக்தியும் வீணாகும். அதனால்தான் மலைச்சைக்கிளுக்குக் கியரை வண்டியின் நடுவில், மிதி இருக்கும் இடத்தில் வைக்கப் பார்க்கிறார்கள். நியூசிலாந்தின் ஸீரோட் கம்பெனி மோட்டார் இல்லாத மலைச்சைக்கிளிலேயே பினியன் கியர்பாக்ஸை நடுவில் வைத்து 'டனிஃபா' என்ற வண்டியை விற்றது. 2023-இல் அதே பினியன் கம்பெனி மோட்டாரையும் 12 கியரையும் ஒரே பெட்டிக்குள் அடைத்தது. பெல்ஜியத்தின் இ2 டிரைவ்ஸ் ஒருபடி மேலே போய், இரண்டு மோட்டாரும் பல்சக்கரங்களும் சேர்ந்து விகிதத்தைப் படியில்லாமல் மாற்றும் ஏற்பாட்டைச் செய்தது; டெக்கத்லான் அதை ஒரு நகரச் சைக்கிளில் பொருத்தியது. டொயோட்டா பிரியஸ் காரிலும் அடிப்படை இதுதான். என் கணிப்பில், மலைச்சைக்கிளும் இந்த வழியில்தான் போக வேண்டும்.

தானாக மாறும் கியருக்கு எதிர்ப்பும் உண்டு. முன்னால் வரும் பாறை என் கண்ணுக்குத் தெரியும், சென்சாருக்குத் தெரியாது என்கிறார்கள் தேர்ந்த மலைச்சைக்கிள்காரர்கள். நியாயம்தான். அவர்கள் கையாலேயே கியர் போட்டுக்கொள்ளட்டும். ஆனால் எங்கள் பட்டறைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போகிறவர்கள், பேரப்பிள்ளையைப் பள்ளியில் விடுகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் காட்டுப்பாதை பார்க்கிறவர்கள். இவர்களுக்குப் பெரிய மோட்டாரை விற்று, கியரை இவர்கள் தலையிலேயே விடுவது சரியில்லை.

ஓசூரின் டிவிஎஸ் கம்பெனிக்கும் ஒரு வேண்டுகோள். 2022-இல் சுவிட்சர்லாந்தின் சுவிஸ் இ-மொபிலிட்டி குரூப்பில் 75 சதவீதப் பங்கை வாங்கியவர்கள் நீங்கள். கியர் இல்லாத ஸ்கூட்டரை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தவர்களும் நீங்களே. கொடைக்கானல், ஊட்டி, ஏற்காட்டு மேடுகளில் ஏறும் படியில்லாக் கியர் சைக்கிளைச் சாமானியர் வாங்கும் விலைக்குச் செய்ய உங்களைவிடப் பொருத்தமானவர் யார்?

எனக்கிருக்கும் பெரிய கவலை வேறு. ஸ்கூட்டரின் வேரியேட்டர் ரோலர் தேய்ந்தால் திண்டுக்கல்லில் அரை மணி நேரத்தில் மாற்றிவிடுவேன். இந்தப் புதுப் பெட்டிகளில் பலவற்றை என்னைப் போன்றவர்கள் திறக்கக் கூடாது. கம்பெனிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். நியூசிலாந்தின் 1993-ஆம் ஆண்டு நுகர்வோர் உத்தரவாதச் சட்டம், 12-ஆவது பிரிவில், உதிரிபாகமும் பழுதுபார்க்கும் வசதியும் நியாயமான காலத்துக்குக் கிடைக்க வேண்டும் என்கிறது. ஆனால் கிடைக்காது என்று விற்கும்போதே தெரிவித்துவிட்டால் அந்தப் பொறுப்பிலிருந்து நழுவவும் அதே சட்டம் இடம் கொடுக்கிறது. ஆகவே பணம் கொடுப்பதற்கு முன், ஏற்றமான தெருவில் ஓட்டிப் பார்த்து, முழு பலத்தோடு மிதிக்கும்போது கியர் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். பிறகு, அந்தக் கியரை உள்ளூரில் யார் பிரிப்பார்கள், உதிரிபாகம் எத்தனை வருடம் கிடைக்கும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.