கார் அடியில் ஒரு காலண்டர் தாள்

வாசல் தெளித்துக் கோலம் போடுகிறவளுக்குத்தான் வாசலில் புதிதாக என்ன விழுந்திருக்கிறது என்று முதலில் தெரியும். சகோதரிகளே, இந்த முறை சமையல் குறிப்பும் இல்லை, கை வைத்தியமும் இல்லை. எங்கள் வீட்டுக் காருக்கு அடியில் சொட்டிய சொட்டைப் பற்றி எழுதப் போகிறேன். "காருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவள்தான்.

நாங்கள் இருப்பது காக்களூரில். சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் இவருக்கு சூபர்வைசர் வேலை. அத்தைக்கு முழங்கால் வலி வந்து பஸ் ஏற முடியாமல் போனதால், போன வருஷம் கைமாறிய சின்னக் கார் ஒன்றை வாங்கினோம். எனக்கு ஓட்டத் தெரியாது. ஆனால் கார் நிற்பது என் வாசலில், என் கோலத்துக்குப் பக்கத்தில்.

தை மாதம், ஒரு வியாழக்கிழமை விடிகாலை. ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனார் பிள்ளைக்குத் திருத்தணியில் மொட்டையடித்துக் காது குத்து. எல்லோரும் காரில் போவதாக ஏற்பாடு. கோலப்பொடி டப்பாவோடு குனிந்தபோது பின் சக்கரத்துக்கு உள்பக்கமாக உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.

"என்னங்க, காருக்கு அடியில என்னவோ சொட்டியிருக்கு."

"ஏ.சி. தண்ணிம்மா. அது எல்லாக் காரிலும் வரும்."

பேப்பரிலிருந்து தலையைக்கூட எடுக்கவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. தை மாசப் பனியில் ஏ.சி. யார் போட்டது?

இவர் சொன்னதிலும் ஒரு நியாயம் உண்டு. ஜில்லென்ற தண்ணீர்ச் செம்பை மேஜையில் வைத்தால் வெளியே முத்து முத்தாக வியர்க்கிறதல்லவா, அதேபோல ஏ.சி.யின் குளிர்ந்த குழாயில் காற்றின் ஈரம் படிந்து, ஒரு சின்ன ரப்பர் குழாய் வழியாகத் தரையில் சொட்டும். நம் பக்கத்துப் புழுக்கத்தில் கோடை நாளில் குட்டையே கட்டும். நம் நாட்டுக் கார்களில் பெரும்பாலும் அது இடது பக்கம் முன்னால் உட்காருகிறவரின் காலுக்கு நேர் கீழேதான் விழும். நிறம் இருக்காது, வாசனை இருக்காது, பிசுக்கு இருக்காது. அது பயமில்லை. இன்னும் சொன்னால், ஏ.சி. ஓடியும் வெளியே சொட்டாமல், உள்ளே கால் மிதியடி நனைந்தால்தான் அந்தக் குழாய் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். 2014 வரை உத்தர்பாராவில் தயாரான அம்பாசிடரை நினைத்துப் பாருங்கள். பழைய வண்டிகளில் ஏ.சி. ஏது? அடியில் தண்ணீர் என்றால் ரேடியேட்டர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்கள். இப்போதுதான் எது சொட்டினாலும் "ஏ.சி. தண்ணி" என்று சமாதானம் செய்துகொள்ளும் பழக்கம் வந்துவிட்டது.

என் பெரியப்பா ஆவடியில் லாரிப் பட்டறை வைத்திருந்தவர். பள்ளிக்கூட லீவில் அங்கே போய் உட்கார்ந்திருப்பேன். "கண்ணால பாரு, மூக்கால பாரு, விரலால பாரு, நாக்கால மட்டும் பார்க்காதே" என்பார். அது ஞாபகம் வந்தது. அன்று இராத்திரி எல்லோரும் படுத்த பிறகு, பழைய மாதக் காலண்டர் தாள்கள் நாலைந்தை வெள்ளைப் பக்கம் மேலே வரும்படி வண்டிக்கு அடியில் பரப்பி, பறக்காமல் கூழாங்கல் வைத்தேன். எந்தத் தாள் எந்தச் சக்கரத்துப் பக்கம் என்று மூலையில் பென்சிலால் எழுதியும் வைத்தேன். கறுத்த சிமெண்டுத் தரையில் எல்லாச் சொட்டும் கறுப்பாகத்தான் தெரியும். வெள்ளைத் தாளில்தான் நிஜ நிறம் தெரியும், எந்த இடம் என்பதும் தெரியும். ஓடி வந்து நின்ற வண்டியாக இருந்தால் சூடு ஆறிய பிறகு வையுங்கள். அடியில் புகைக்குழாய் நெருப்பாகக் கொதித்துக்கொண்டிருக்கும்.

தாளில் என்னென்ன விழலாம் என்று நம் அடுப்படிக் கணக்கிலேயே சொல்கிறேன்.

என்ஜின் ஆயில் புதிதாக இருந்தால் தேன் நிறம், ஓடிய பிறகு டிகாஷன் கறுப்பு. முன்பக்கம் நடுவில் சொட்டும். ஒன்றிரண்டு பொட்டு என்றால் சாவகாசமாகப் பார்க்கலாம். ஆனால் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஆறிய பிறகு அளவுக் கம்பியை உருவிப் பார்க்க வேண்டும். கம்பியில் வரும் ஆயில் பால் கலந்த காபி போல இருந்தால், ரேடியேட்டர் தண்ணீர் என்ஜினுக்குள் கலக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அது பெரிய செலவு. கியர் ஆயில் விளக்கெண்ணெய் கெட்டி, அழுகின பூண்டு மாதிரி ஒரு கெட்ட நாற்றம். சிவப்பாக, மெல்லிசாக இருந்தால் பெரும்பாலும் பவர் ஸ்டியரிங் ஆயில், அல்லது கியர் தானாக மாறும் வண்டியின் ஆயில். கண்ணாடி துடைக்கிற சோப்புத் தண்ணீரும் சில சமயம் நீலமாக ஒழுகும், அதை விடுங்கள்.

பெட்ரோல் தாளில் நிற்காது, ஆவியாகிவிடும். மூக்குதான் சாட்சி. அந்த வாசனை வந்தால் சாவியைத் திருகவே வேண்டாம், பக்கத்தில் தீக்குச்சியும் வேண்டாம். ஆயுத பூஜைக்கு எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியைச் சுற்றிக் கற்பூரம் காட்டுகிறோமே, அதற்கு முன்னால் ஒரு தடவை குனிந்து பாருங்கள் என்று எங்கள் தெருவில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். டீசல் ஆவியாகாது, எண்ணெய்ப் பிசுக்காக அப்படியே நிற்கும்.

இந்தப் பத்திரிகை படிக்கிறவர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது கூலண்ட். ரேடியேட்டரில் அந்தக் காலத்தில் வெறும் தண்ணீர் ஊற்றினார்கள். இப்போது துருப் பிடிக்காமல், சீக்கிரம் கொதிக்காமல் இருக்க எத்திலீன் கிளைக்கால் கலந்த திரவம் ஊற்றுகிறார்கள். பச்சை, ரோஸ், ஆரஞ்சு என்று கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். பார்க்க ரஸ்னா மாதிரி இருக்கும். லேசாக இனித்த வாசனை, ருசியும் இனிப்பு. அங்கேதான் ஆபத்து. தவழுகிற குழந்தையும், தெரு நாயும், வீட்டுப் பூனையும் அதை நக்கும். சின்னக் குழந்தைக்கு ஓரிரு மடக்கே உயிருக்கு ஆபத்து. முதலில் குடித்தவன் போலத் தள்ளாட்டம், வாந்தி. பிறகு ஒரு நாள், இரண்டு நாளில் சிறுநீரகத்தையே நிறுத்திவிடும். 2022-ல் காம்பியா நாட்டிலும், 2025-ல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவிலும் இருமல் மருந்து குடித்துக் குழந்தைகள் இறந்த செய்தி படித்து நாம் எல்லோரும் அழுதோமே, அந்த மருந்தில் கலந்திருந்த டைஎத்திலீன் கிளைக்கால் இதற்குச் சொந்தத் தங்கை. காம்பியா மருந்தில் இரண்டுமே இருந்தன. ஆகவே கூலண்ட் சிந்தினால் உடனே துணியால் ஒற்றி, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மீதியைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் வழக்கத்தை விடுங்கள். குழந்தை வாயில் பட்டுவிட்டது என்று சந்தேகம் வந்தாலே போதும், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காமல், அந்த டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எங்களுக்கு என்றால் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. எந்த ஊரானாலும் 108 இருக்கிறது. நன்றாகத்தானே விளையாடுகிறது என்று காத்திருக்காதீர்கள்.

இன்னொன்று. கூலண்ட் குறைகிறது என்று சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. குக்கரில் ஆவி அடங்காமல் மூடியைத் திறப்போமா? அதே கதைதான்.

சரி, எங்கள் வீட்டுத் தாளுக்கு வருகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை பார்த்தால், முன்பக்கத் தாள்கள் துடைத்து வைத்த மாதிரி சுத்தம். வலது பின் சக்கரத்துத் தாளில் மட்டும் லேசான மஞ்சளில் ஒரு திட்டு. சக்கரத்தின் உள் ஓரத்திலும் ஈரம் வழிந்திருந்தது. தொட்டால் நல்லெண்ணெயை விடத் தண்ணியாக இருக்கிறது, ஆனால் வழுக்குகிறது.

இவரை எழுப்பிக் காட்டினேன். "கியர் ஆயிலா இருக்கும். திருத்தணி போயிட்டு வந்து பார்க்கலாம்" என்றார். எங்கள் காரில் என்ஜின், கியர் எல்லாம் முன்னாலேயே இருக்கிறது. லாரி மாதிரிப் பின்னால் ஆயில் ஊற்றும் உருண்டை கிடையாது. பின் சக்கரத்தில் ஈரம் வர இரண்டே வழிதான். ஒன்று ஷாக் அப்சார்பர் எண்ணெய், இல்லாவிட்டால் பிரேக் ஆயில்.

இதைப் பிரித்துக் காட்டப் பெரியப்பா ஒரு வித்தை செய்வார். நானும் செய்தேன். சொட்டும் இடத்தில் பாட்டில் மூடியை வைத்துக் கொஞ்சம் பிடித்தேன். உபயோகமில்லாத இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர். ஒன்றில் ஷெட்டில் மிச்சமிருந்த என்ஜின் ஆயில் ஒரு சொட்டு விட்டேன். அது ரசத்தில் மிதக்கும் நெய் மாதிரி மேலேயே நின்றது. இன்னொன்றில் மூடியில் பிடித்ததை விட்டேன். கரைந்து போய்விட்டது. எண்ணெய் தண்ணீரில் கரையுமா? பிரேக் ஆயில் என்று பெயர்தானே தவிர, நம் கார்களில் ஊற்றுவது எண்ணெய் இல்லை. அது தண்ணீரோடு கலக்கும். சும்மா இருந்தாலும் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 என்ற வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் இழுத்த பிறகு அதுவே 140 டிகிரி என்று இறங்கிவிடுகிறது. மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக் எப்படிச் சூடாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் ஒழுகாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள்.

இவர் டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, "அந்த ஹேண்ட் பிரேக் லைட் நாலு நாளா மினுக்கிக்கிட்டே இருக்கு" என்றார். சுவிட்ச் கோளாறு என்று நினைத்துத் தட்டித் தட்டி ஓட்டியிருக்கிறார்! பல கார்களில் பிரேக் ஆயில் குறைந்தாலும் அதே சிவப்பு விளக்குதான் எரியும். பானெட்டைத் திறந்தோம். வெள்ளை பிளாஸ்டிக் குப்பியில் இரண்டு கோடு போட்டிருக்கிறது. ஆயில் கீழ்க் கோட்டுக்கும் கீழே.

அத்தை மட்டும், "முருகன் காரியத்துக்குப் போறோம், அவன் பார்த்துக்க மாட்டானா?" என்றார்கள். "அவன்தான் அத்தை காலையிலேயே காட்டிக் கொடுத்திருக்கான்" என்றேன்.

பிரேக் ஆயில் ஒழுகும் வண்டியைப் பட்டறை வரைக்கும்கூட ஓட்டக் கூடாது. மெக்கானிக் தம்பியை வீட்டுக்கே வரச் சொன்னோம். சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் திறந்தால் உள்ளே லைனிங் முழுக்க ஊறிப் போயிருந்தது. கட்டை விரல் பருமன் சிலிண்டர் ஒன்று, அதற்குள் ரப்பர் கிண்ணம் கிழிந்திருந்தது. "ஞாயித்துக்கிழமை மலை இறங்கும்போது மிதிச்சிருந்தா பெடல் பாதி தரைக்குப் போயிருக்கும்ணே" என்று அவன் சொன்னதும் இவர் முகத்தை நான் பார்க்கவில்லை. புதுச் சிலிண்டர், இரண்டு பின் சக்கரத்துக்கும் லைனிங், புது ஆயில், கூலி எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துச் சொச்சம். கடைசியில் குழாயில் இருக்கும் காற்றை வெளியேற்ற ஓர் ஆள் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டுமாம். "அக்கா, நீங்க உட்காருங்க. மிதிங்க... பிடிச்சுக்குங்க... விடுங்க" என்று அரை மணி நேரம். கார் ஓட்டத் தெரியாத நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தது அன்றுதான். முதலில் களி மாதிரி இருந்த பெடல், முடிக்கும்போது கல் மாதிரி நின்றது.

வேலை முடிய சனிக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டது. புதுப் பிரேக்கோடு மறுநாளே மலை ஏற வேண்டாம் என்று திருவள்ளூரில் திருத்தணி லோக்கல் ரயில் ஏறினோம். அத்தைக்கு உட்கார இடம் கிடைத்தது. மொட்டையும் நல்லபடியாக நடந்தது.

கறை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பிரேக் ஆயிலுக்குத் தண்ணீரும் சோப்பும் போதும், ஆனால் பெயிண்டில் பட்டால் உரித்துவிடும். பக்கத்தில் நின்ற ஸ்கூட்டரின் மட்கார்டில் கைப்பட்ட இடம் உரிந்தே போயிற்று. கையில் பட்டாலும் உடனே கழுவ வேண்டும். என்ஜின் ஆயில் கறைக்கு மரத்தூளையோ அடுப்புச் சாம்பலையோ தூவி ஓர் இராத்திரி விட்டு, பெருக்கிவிட்டு, சோப்புத்தூள் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தால் பாதிக்கு மேல் போகும். ஆயில் பட்ட மரத்தூளைச் சாக்கடையில் போடாதீர்கள்.

கைமாறிய வண்டி வாங்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அடிப்பாகத்தைப் பளபளவென்று கழுவிக் காட்டினால் சந்தோஷப்படாமல், ஓர் இராத்திரி தாள் விரித்துப் பார்க்கக் கேளுங்கள். எங்களுக்குக் கொடுத்தவரும் நன்றாகத்தான் கழுவிக் கொடுத்தார்.

இப்போது மாதம் ஒரு நாள் தாள் விரிப்பது வழக்கமாகிவிட்டது. பங்குனியில் ஏ.சி. போட ஆரம்பித்த பிறகு, இடது பக்கம் முன் தாளில் ஒரு நனைவு. தொட்டேன், முகர்ந்தேன். வெறும் தண்ணீர்.

"பார்த்தியா, ஏ.சி. தண்ணிதான்னு நான் அன்னிக்கே சொன்னேன்ல?" என்கிறார் இவர்.