கணக்கை முதலில் கை தொடட்டும்

கோடை விடுமுறை வந்தால் பேரன் பேத்திகளை எந்த வகுப்பில் சேர்ப்பது என்பதே வீடுதோறும் பேச்சு. நீச்சல், கீபோர்டு, அபாகஸ் என்று பட்டியல் நீளுகிறது. வகுப்புகளை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் மூன்றாம் வகுப்புக் குழந்தையைப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்துக்கொண்டு, "இவளுக்குக் கணக்கே வராது" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டால் எனக்குப் பொறுக்கவில்லை. எட்டு வயதில் ஒட்டிய முத்திரை லேசில் அழிவதில்லை. பிற்பாடு அந்தக் குழந்தையே அதைத் தன்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடும்.

நோட்டில் எழுதும் கணக்குக்கு முன்னால், கையால் தொட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. அதைக் காட்டப் பெற்றோருக்கு நேரமில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பாடத்தை முடிக்கும் அவசரம். நேரம் இருப்பது நம்மைப் போன்ற ஓய்வுபெற்றவர்களிடம்தான். ஆகவே இது நம் வேலை என்பது என் கருத்து.

சாமான் எதுவும் வாங்க வேண்டாம். காபி டம்ளரும் பூக்கட்டும் நூலும் போதும். "டம்ளரின் உயரம் அதிகமா, வாயின் சுற்றளவு அதிகமா?" என்று கேளுங்கள். குழந்தை என்ன, பெரியவர்களே அநேகமாக உயரம் என்பார்கள். நூலை வாயைச் சுற்றி அளந்து, டம்ளர் பக்கத்தில் நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். டம்ளரைத் தாண்டி நிற்கும்! அதே நூலை வாயின் நடுக்குறுக்கே வைத்து அளந்தால், மூன்று முறை போய்க் கொஞ்சம் மிச்சமிருக்கும். தட்டு, டவரா, பாட்டில் மூடி எதை எடுத்தாலும் அதே மூன்றும் கொஞ்சமும்தான். பின்னாளில் பள்ளியில் 3.14 வரும்போது அது குழந்தைக்குப் பழகிய முகமாக இருக்கும்.

அடுத்தது காகிதம். ஏதாவது ஒரு முக்கோணத்தை வெட்டி, மூன்று முனைகளையும் கிழித்து, கூர்முனைகள் ஒரே புள்ளியில் சேரும்படி அடுத்தடுத்து வைத்தால் அடிப்பக்கம் நேர்கோடாகிவிடும். என் பேத்தி நம்பவில்லை. "ஒண்ணாவது தப்பா வரும் பாருங்க தாத்தா" என்று ஏழு முக்கோணம் வெட்டினாள். எட்டாவதாக, வேண்டுமென்றே ஊசி மாதிரி ஒல்லியாக ஒன்று. அதுவும் நேர்கோடுதான். "எப்படி தாத்தா எல்லாத்துக்கும் வருது?" என்றாள். 180 டிகிரி என்ற பேச்சையே நான் எடுக்கவில்லை. அந்த 'எப்படி' பிறந்துவிட்டால் போதும், மற்றதை வாத்தியார் பார்த்துக்கொள்வார்.

காகிதம் மடிப்பதும் கிழிப்பதும் விளையாட்டுத்தானே என்பவர்களுக்கு ஒரு செய்தி. டி. சுந்தர ராவ் என்பவர் காகித மடிப்பு வழியாக வடிவியல் கற்பது பற்றி ஆங்கிலத்தில் எழுதிய புத்தகம் 1893-ல் நம் சென்னையில்தான் வெளியானது. சதுரம், சமபக்க முக்கோணம், ஐங்கோணம் எல்லாவற்றையும் மடிப்பாலேயே செய்து காட்டியிருக்கிறார். ஜெர்மானியக் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் தம் நூலில் அதைக் குறிப்பிட்டார். 1901-ல் சிகாகோவில் அது மறுபதிப்பாக வந்தது.

பாட்டிமார்களுக்கும் வேலை உண்டு. 1, 3, 5, 3, 1 என்று நேர்ப்புள்ளி வைத்தால் மொத்தம் 13 புள்ளிகள். சாய்வாகப் பார்த்தால் மூன்றுக்கு மூன்றாக ஒரு சதுரமும், அதன் இடைவெளிகளில் இரண்டுக்கு இரண்டாக இன்னொரு சதுரமும் தெரியும். 9-ம் 4-ம் சேர்ந்து 13. ஏழு புள்ளி வரை போனால் 16-ம் 9-ம் சேர்ந்து 25. இரண்டு நிறப் பொடி கொடுத்தால் குழந்தையே கண்டுபிடித்துவிடும். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் சக ஆய்வாளர்களும் 1970-களில் கோலத்தைக் கணினி அறிவியலோடு சேர்த்து ஆராய்ந்திருக்கிறார்கள். வாசலில் கிடப்பது சாதாரணச் சரக்கல்ல.

"அப்படியானால் வாய்ப்பாடு வேண்டாமா?" என்று கேட்பீர்கள். கட்டாயம் வேண்டும். ஏழெட்டு ஐம்பத்தாறு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். ஆனால் ருசி தெரிந்த குழந்தைதான் மனப்பாடத்தின் சலிப்பைப் பொறுத்துக்கொள்ளும். ருசியைக் காட்டாமல் சலிப்பை மட்டும் கொடுத்துவிட்டு, கணக்கு வரவில்லை என்று அதன் தலையில் பழி போடுவது நியாயமா?

ஒரே ஒரு நிபந்தனை. விடையை நாம் முந்திக்கொண்டு சொல்லக் கூடாது. நம் வயதுக்காரர்களுக்கு இது கஷ்டம்தான், வாய் சும்மா இருக்காது. இருந்தாலும் ஒரு வாய் காபியைக் குடித்தபடி காத்திருங்கள். குழந்தை தப்பாகச் சொன்னாலும் திருத்தாமல், "அளந்து பாரேன்" என்று நூலைக் கையில் கொடுங்கள். அன்றைக்கே விடை வராவிட்டாலும் பரவாயில்லை. கிழித்துப் போட்ட காகிதத் துண்டுகளை மட்டும் பெருக்கித் தள்ளிவிடாதீர்கள். மறுநாள் காலையில் குழந்தை அவற்றைத் தேடும்.