டீ மாஸ்டர் குடித்த டீ

டீ என்றால் நமக்கு என்ன? பால், சர்க்கரை, டஸ்ட் தூள், கை நீள உயரத்திலிருந்து ஓர் ஆற்று. இதில் தேயிலை வாசனையைத் தேடுவது, கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் ஒன்றுவிட்ட சித்தப்பாவைத் தேடுவது மாதிரி. இருப்பார், அகப்பட மாட்டார்.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் கடை போட்டிருக்கிறார் நம்ம மாஸ்டர். பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் நடக்கிற ஜனத்துக்கு விடிய விடிய ஆற்றிக் கொடுப்பவர். நாலு வருஷமா சுகர். 'சர்க்கரை இல்லாதது ஒரு டீயா?'ன்னு மனுஷன் டீயையே விட்டுட்டார். ஊருக்கெல்லாம் டீ, அவருக்கு வெந்நீர். பார்க்கிற நமக்கே தொண்டை அடைக்கும்.

அந்தக் கடையில் இன்னொரு வெந்நீர் கிராக்கி, ஆசிரமத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட ஒரு ஜெர்மன்காரம்மா. கையில் மூடி போட்ட குட்டிக் கிண்ணம், பொட்டலத்தில் முறுக்கிக் கிடக்கும் கறுப்பு இலை. வறுத்த ஊலாங்காம்.

ஊலாங் என்றால் சீன மொழியில் கறுப்பு டிராகன். பச்சைத் தேயிலைக்கும் நம்ம கடைத் தூளுக்கும் நடுவில், இலையைப் பாதி சிவக்க விட்டு நிறுத்திவிடுவார்கள். அப்புறம் ஃபூஜியான் மாகாணத்து வூயி மலைப் பக்கம், சாம்பல் மூடிய கரித்தணலின் மேல் மூங்கில் கூடையில் மணிக்கணக்கில் வாட்டுவார்கள். 'டீ' என்ற சொல்லே அந்த ஃபூஜியான் கடற்கரைப் பேச்சின் 'தே'தான். டச்சுக்காரன் கப்பலேறி, இங்கிலீஷ்காரன் வாய்க்குள் புகுந்து, நம்ம கடை போர்டுக்கு வந்தது.

விலையா? வூயியில் டா ஹாங் பாவ் என்ற பழைய தாய் மரங்களின் இலை 20 கிராம், 2002-ல் 1,80,000 யுவானுக்குப் போயிருக்கிறது. கிராம் 9,000! (பி.காம். படித்ததற்கு இந்த வகுத்தலாவது உதவியதே.) அம்மா வைத்திருந்தது அந்த ஜாதி இல்லை, சாதா ரகம்.

ஒருநாள் மாஸ்டருக்கும் ஊற்றினார். முதல் தண்ணீரை இலையில் விட்டு உடனே கீழே கொட்ட, மாஸ்டர் பதறிப் போனார்: "டிகாஷனைக் கொட்டறாங்களே சார்!" இரண்டாவது தண்ணீர், இருபது எண்ணுவதற்குள் வடித்தாயிற்று. நானும் ஒரு வாய் குடித்தேன். அனலில் வாட்டிய சோளக்கதிர் மணம், லேசாகக் கடலைத்தோல் கசப்பு. விழுங்கி அரை நிமிஷம் கழித்துத்தான் வேடிக்கை. நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தால் வருமே, அந்த இனிப்பு அடித்தொண்டையில் மெள்ள ஏறுகிறது.

மாஸ்டர் முகம் வெளிறிவிட்டது. "சார், சர்க்கரை போட்டுட்டாங்களா?"

"நோ சுகர்" என்றார் அம்மா.

மறுபடி கிண்ணத்தை நீட்டினார் மாஸ்டர். அதே இலையில் ஆறு தடவை! "இதையே நான் பண்ணினா பழைய தூள்னு கல்லால அடிப்பீங்க" என்றாரே தவிர, ஆறாவதையும் விடவில்லை. (சுகருக்கு இது மருந்து என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். மாஸ்டர் மாத்திரையை நிறுத்தவில்லை.)

நீலகிரியிலும் சில எஸ்டேட்களில் ஊலாங் செய்கிறார்கள் என்று சொல்லி வைத்தேன். ஊட்டிக்கு லோடு அடிக்கிற டிரைவரிடம் 100 கிராமுக்குப் பணம் கொடுத்திருக்கிறார் மாஸ்டர். "தூள் இல்லப்பா, முழு இலை" என்று மூன்று தடவை சொன்னாராம்.