வயிற்றில் அடியா? தைலத்தைத் தொடாதீர்கள்!

பிளஸ் ஒன் படிக்கும் பையன். முந்தின நாள் சாயந்திரம் கபடி ஆடும்போது எதிரணிப் பையனின் முழங்கால் இடது விலாவில் இடித்துவிட்டது. வெளியே ஒரு சிராய்ப்புகூட இல்லை. ராத்திரி சாப்பிட்டுத் தூங்கிவிட்டான். காலையில் பாட்டி என்னிடம் அழைத்து வந்தார்.

"குடலேத்தம் மாதிரி இருக்கு டாக்டர். கொஞ்சம் எண்ணெய் போட்டு நீவி விடுங்க!"

நாடி பிடித்தேன். படபடவென்று ஓடியது. முகம் வெளுத்து, நெற்றியில் சில்லென்று வியர்வை. "வேற எங்க வலிக்குது தம்பி?" என்றேன். "இடது தோள்பட்டை சார்" என்றான். தோளில் அடியே படவில்லை! உடனே 108-ஐ வரவழைத்து அனுப்பினேன். ஸ்கேனில் மண்ணீரல் கிழிந்து ரத்தம் கசிவது தெரிந்தது. பையன் பிழைத்துக்கொண்டான். நான் நீவி விட்டிருந்தால்..?

'சித்த மருத்துவரே இப்படிச் சொல்லலாமா?' என்பீர்கள். சொல்லத்தான் வேண்டும். சுளுக்குக்குத் தைலம் சரி. உள்ளே ரத்தம் கசியும்போது அது தைலத்துக்கும் கஷாயத்துக்கும் உள்ள வேலையல்ல. யாரை எங்கே அனுப்ப வேண்டும் என்று தெரிவதும் வைத்தியம்தான்.

கை ஒடிந்தால் வீங்கிக் காட்டிக்கொடுக்கும். வயிறு அப்படியல்ல. இடது விலாவுக்கு அடியில் மண்ணீரல், வலப்பக்கம் கல்லீரல். இரண்டும் ரத்தம் நிறைந்த மெத்தென்ற உறுப்புகள். கசியும் ரத்தம் உதரவிதானத்தை உறுத்தினால் தோளில் வலிக்கும். சில சமயம் அடிபட்டுப் பல நாள் கழித்துக்கூட ரத்தம் கொட்டலாம். சைக்கிள் ஹேண்டில்பார் வயிற்றில் குத்தினால் கணையமும் குடலும்கூடக் காயப்படலாம்.

2025 அக்டோபர் 25 அன்று சிட்னியில் நடந்த ஒருநாள் போட்டியில் கேட்ச் பிடித்து விழுந்த ஸ்ரேயாஸ் ஐயருக்கும் மண்ணீரலில்தான் கிழிசல். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நம் தெருப் பையனுக்கு மட்டும் தைலமா?

இவற்றைக் கவனியுங்கள்: விடாத வயிற்று வலி, வயிறு பலகை போல் இறுகுதல், தலைசுற்றல், வாந்தி, தோள் வலி, சிறுநீரில் ரத்தம். இதில் ஒன்று இருந்தாலும் தாமதம் கூடாது. நீவாதீர்கள். வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால் சாப்பாடு, காபி, கஷாயம் எதுவும் கொடுக்க வேண்டாம். வலி மாத்திரையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். படுக்க வைத்து, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

கடைசியாக ஒன்று. "ஆம்பளப் பையன், இதுக்குப் போய் அழலாமா?" என்று வீட்டிலும் மைதானத்திலும் அதட்டுகிறோமே, அதை முதலில் விடுங்கள். அந்த அதட்டலுக்குப் பயந்துதான் அந்தப் பையன் ராத்திரி முழுக்க வலியைச் சொல்லவில்லை. 'வலிக்குது' என்று பிள்ளை தைரியமாகச் சொல்லட்டும். நாம் காது கொடுத்துக் கேட்போம்!