காணாக்கடியும் 22 பண்டங்களும்

நாகப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு இறால் ஆகாது என்றால் யாராவது நம்புவார்களா? நானே நம்பவில்லை. அறுபத்துமூன்று வயதுவரை இறால் தொக்கும் சென்னாக்கூனித் துவையலுமாகச் சாப்பிட்ட உடம்பு இது.

ஓய்வு பெற்ற பிறகுதான் தொடங்கியது. சாப்பிட்டு அரைமணிக்குள் உதட்டோரம் நமைச்சல், கையிலும் வயிற்றிலும் திட்டுத்திட்டாகத் தடிப்பு. இரண்டு முறை "காணாக்கடி" என்று விட்டுவிட்டோம். மூன்றாவது முறை மகன் கண்டித்துச் சொல்லி, ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தம் கொடுத்தேன்.

வந்த காகிதத்தில் 22 பண்டங்கள் சிவப்பில் இருந்தன. கோதுமை, பால், முட்டை, தக்காளி, கத்திரிக்காய், வேர்க்கடலை, துவரம்பருப்பு என்று நீண்ட பட்டியலில் இறாலும் ஒன்று. 34 வருடம் வருவாய்த் துறையில் காகிதத்தை நம்பிப் பிழைத்தவன் நான். 22-ஐயும் அன்றே நிறுத்தினேன்.

மூன்று மாதத்தில் ஐந்து கிலோ குறைந்தேன். அதுகூடப் பெரிதில்லை. ஒருநாள் மத்தியானம் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். என் மனைவி எனக்கு முதுகைக் காட்டி நின்றபடி, பக்கத்து வீட்டுக் கிண்ணத்தில் வந்த சாம்பாரைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "ரெண்டு பேருக்கு ரெண்டு சமையல் எதுக்குங்க?" என்று மூன்று மாதமாக அவளும் என் பத்தியத்தையே சாப்பிட்டிருக்கிறாள். எனக்கு அது தோன்றவேயில்லை.

மறுவாரம் தஞ்சாவூரில் ஓர் அலர்ஜி மருத்துவரைப் பார்த்தோம். அவர் காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு, "இதுல எதைச் சாப்பிட்டு, எவ்வளவு நேரத்துல, என்ன ஆச்சு சார்?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் இறாலைத் தவிர ஒன்றுமில்லை.

நான் கொடுத்த ரத்தத்தில் பார்த்தது ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளை. நாம் சாப்பிட்டுப் பழகிய எந்த உணவுக்கும் அது உடம்பில் இருக்கும். அதை வைத்து உணவு ஒவ்வாமையைத் தீர்மானிக்கக் கூடாது என்று ஐரோப்பிய, அமெரிக்க அலர்ஜி மருத்துவர் சங்கங்களே சொல்லியிருக்கின்றன. இப்படி உடனே தடித்து நமைக்கும் ஒவ்வாமைக்குப் பார்க்க வேண்டியது ஐஜிஇ.

பிறகு தோல் சோதனை. ஒரு வாரம் செட்ரிசின் போடக் கூடாது என்றார்கள். முன்கையில் சொட்டுச் சொட்டாக வைத்து லேசாகக் குத்தினார்கள். 15 நிமிடத்தில் இறாலும் வீட்டுத் தூசியில் இருக்கும் நுண்பூச்சியும் நன்றாகத் தடித்தன. இரண்டிலும் ட்ரோபோமயோசின் என்ற ஒரே சாயலுள்ள புரதம் இருக்கிறதாம். வேகவைத்தாலும் அது கெடாது. கோதுமையும் மூன்று மில்லிமீட்டர் தடித்திருந்தது.

"அப்ப சப்பாத்தி?"

"இருபது வருஷமா சாப்பிடுறீங்களே, ஏதாவது பண்ணுச்சா?"

"இல்லை டாக்டர்."

"அப்ப சாப்பிடுங்க."

எனக்கு என் உத்தியோகமே ஞாபகம் வந்தது. பட்டா ஒருவர் பெயரில் இருக்கும், அனுபவம் இன்னொருவரிடம் இருக்கும். பட்டாவைப் பார்க்காமலும் முடிவு செய்ய முடியாது, வயலில் இறங்காமலும் முடியாது. ஒவ்வாமைச் சோதனையும் அப்படித்தான் என்பது என் கட்சி. உடம்பு சொல்லாத ஒன்றைக் காகிதம் மட்டும் சொன்னால், மருத்துவரைக் கேட்காமல் தட்டிலிருந்து எதையும் எடுக்காதீர்கள்.

ஆனால் உடம்பும் காகிதமும் ஒன்றையே சொன்னால் விளையாடக் கூடாது. "ஒரு வாய் சாப்பிடுங்க, ஒண்ணும் ஆகாது" என்கிற உறவினர்களுக்கு நான் முதலில் பொய் சொல்லிப் பார்த்தேன். ஒரு வீட்டில் "வயிறு சரியில்லை" என்றேன். பாவம், அந்த அம்மா ரசம் சோறும், தொட்டுக்கொள்ளத் துவையலும் வைத்தார். துவையலில் சென்னாக்கூனி. அன்று ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் வைத்திருக்கவே மாட்டார். இப்போது வாசலிலேயே "எனக்கு இறால் ஆகாது, கருவாட்டுப் பொடியிலும் கூனி கலந்திருந்தால் ஆகாது" என்று சொல்லிவிடுகிறேன். அதில் வெட்கமென்ன?

இன்று லேசாக வந்தது அடுத்த முறையும் லேசாகத்தான் வரும் என்பதற்கு உறுதியில்லை. மூச்சு இழுத்தாலோ, தொண்டை அடைத்தாலோ, தலை சுற்றினாலோ மாத்திரையைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வீட்டில் தானே சாப்பிட்டுப் பரீட்சை பார்ப்பதும் வேண்டாம்.

உங்களில் யாருக்காவது இந்தத் தொந்தரவு இருந்தால், ரத்தம் கொடுக்கப் போகுமுன் ஒரு தாளில் எழுதிவையுங்கள்: என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, எப்போது நமைத்தது, எப்போது அடங்கியது. மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

எங்கள் வீட்டில் இறால் வாங்குவதில்லை. மற்ற 21-ம் திரும்பி வந்துவிட்டன. சாம்பாரும் இப்போது எங்கள் அடுப்பிலேயே கொதிக்கிறது. நாங்கள் இருவரும் உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.